பின்னங்கால் தளர்ந்த நாய்க்கு எது முதலில்: தண்ணீர் டிரெட்மில்லா, லேசரா, சக்கர வண்டியா, வீட்டுப் பயிற்சியா?

வயதான லேப்ரடார், திடீரென்று பின்பக்கம் விழுந்துபோன டாஷண்ட், வண்டி இடித்த தெருநாய். மூன்றில் எதுவாக இருந்தாலும் வீட்டில் ஒரே கேள்விதான் எழும்: பிசியோதெரபி என்கிறார்களே, அதில் எதைச் செய்வது? சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் தண்ணீர் டிரெட்மில், லேசர், அக்குபஞ்சர் எல்லாம் வைத்திருக்கும் கிளினிக்குகள் வந்துவிட்டன. நாய்க்கான சக்கர வண்டி, அளவு கொடுத்தால் வீட்டுக்கே வருகிறது. யூடியூபைத் திறந்தால் வீட்டுப் பயிற்சி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் செய்து பார்க்க யாருக்கும் பணமும் இல்லை, நேரமும் இல்லை, நாய்க்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் எந்த நாய்க்கு எது, எந்த வரிசையில் என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாய்களுக்கு முதல் பணம் இயந்திரத்துக்குப் போகக் கூடாது. கால் ஏன் போனது என்று சரியாகக் கண்டுபிடிக்கவும், வலியை அடக்கவும், எடையைக் குறைக்கவும், வீட்டுத் தரையைச் சரிசெய்யவும்தான் அது போக வேண்டும். அடுத்தது, தினமும் வீட்டில் நம் கையால் செய்யும் பயிற்சி. இயந்திரம் அதற்கும் பிறகுதான். சில நாய்களுக்கு மட்டும் இந்த வரிசை மாறும், அவற்றுக்குத் தண்ணீர் டிரெட்மில் உண்மையிலேயே கொடுத்த காசுக்கு வேலை செய்யும். அவை எவை என்பதைக் கீழே விளக்கமாகவே சொல்கிறேன்.

காரணம் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம்

"பின்னங்கால் வீக்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது நாலு வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. இடுப்பு மூட்டுத் தேய்மானம் ஒன்று. தண்டுவடத்தில் டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துவது இன்னொன்று. முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கலாம், பொமரேனியன் மாதிரி சின்ன நாயாக இருந்தால் முழங்கால் சில்லு நழுவியிருக்கலாம். நம் ஊரில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா தொற்றில் மூட்டுகள் வீங்கி, நாய் எழுந்திருக்கவே மறுத்து, பார்ப்பதற்கு அப்படியே வயதான நாய் மாதிரி நடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையும் சரியான ஆன்டிபயாட்டிக்கும் தீர்த்துவைக்கிற விஷயத்துக்கு மாதக்கணக்கில் லேசர் காட்டிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

மூட்டா, நரம்பா என்று ஓரளவு வீட்டிலேயே ஊகிக்கலாம். மூட்டு வலிக்கிற நாய் காலையில் எழும்போது விறைத்துக்கொண்டு, நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். நரம்பு பாதித்த நாய் நடக்க நடக்கத் தள்ளாடும், கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னங்காலின் நடு நகங்கள் இரண்டும் மற்றவற்றைவிட மழுங்கித் தேய்ந்திருக்கும், தார் ரோட்டில் நடக்கும்போது சரக் சரக்கென்று நகம் உரசும் சத்தம் கேட்கும். நாயை நிற்க வைத்து, வயிற்றுக்கடியில் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்து, பின்னங்கால் பாதத்தை மெதுவாக மடக்கி அதன் மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு நன்றாக இருக்கும் நாய் அந்த நொடியே பாதத்தைத் திருப்பி நேராக்கிவிடும். அப்படியே மடங்கிய பாதத்தில் நின்றுகொண்டிருந்தால், தாமதிக்காமல் நரம்புப் பிரச்சினை பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் போங்கள்.

திடீரென்று, அதாவது நேற்று ஓடிய நாய் இன்று பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வந்தால், அது அவசர சிகிச்சை. அங்கே பிசியோதெரபி பேச்சே வேண்டாம். டாக்டர் கால் விரலைக் கிடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். நாய் காலை இழுத்துக்கொண்டதும் "உணர்ச்சி இருக்கு" என்று சந்தோஷப்பட்டுவிடுகிறோம். ஆனால் கால் இழுப்பது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். அந்த வலி மூளைக்குப் போக வேண்டும்: நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். அதுதான் கணக்கு. டிஸ்க் நழுவிய நாய்க்கு அந்த ஆழ்ந்த வலி உணர்ச்சி இருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலானவை மறுபடி நடக்கின்றன. அது போய்விட்ட பிறகு செய்தால் ஏறக்குறைய பாதிதான். இந்த வித்தியாசம் சில மணி நேரங்களில் நடந்துவிடக் கூடியது. முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று இருந்தால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.

தெருநாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிபட்ட அடையாளமே இல்லாமல் பின்னங்கால் செயலிழந்து, எச்சில் வடித்து, தாடை தொங்கிப்போன நாய் என்றால் வெறிநோயின் முடக்கு வகையாக இருக்கலாம். வாயருகே கை கொண்டுபோகவே கூடாது. டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் வந்து பிழைத்த குட்டிகளுக்கும் கால் துடித்துக்கொண்டே இருக்கும், அதை அடிபட்ட கால் என்று நினைத்துப் பயிற்சி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

வலி, எடை, தரை

இந்த மூன்றையும் யாரும் "தெரபி" என்று சொல்லி விற்பதில்லை, அதனாலேயே இவற்றுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. ஆனால் மூட்டுத் தேய்மானம் உள்ள வயதான நாய்க்கு இதைவிடப் பெரிய சிகிச்சை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

வலிக்கிற காலை எந்த நாயும் ஊன்றாது, ஊன்றாத காலில் தசை வற்றும், தசை வற்றிய மூட்டு இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை உடைக்க மருந்து வேண்டும். மெலோக்சிகாம், கார்புரோஃபென் போன்றவற்றை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், இடையிடையே சிறுநீரகம், ஈரல் பரிசோதனையோடு கொடுப்பதில் தயங்க வேண்டாம். மாத்திரையே வேண்டாம், இயற்கையாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று வலியோடு நாயை நடக்க வைப்பது அதற்குச் செய்யும் நன்மை இல்லை. ஆனால் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மனித மாத்திரையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும், பூனைக்கு ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிரை எடுத்துவிடும். (டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2006-இலேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம்.) நாம் தடவிக்கொள்ளும் வலித் தைலமும் வேண்டாம், நாய் நக்கும், அதிலிருக்கும் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் வயிற்றுக்குள் போகும்.

எடைக்கு வருவோம். 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகவே உணவு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி குறைவாகச் சாப்பிட்டவற்றின் நடுமட்ட ஆயுள் 13 வருடம், நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2 வருடம். இடுப்பு மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவும் குறைவாகவுமே வந்தது. ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்களை வைத்துப் பின்னால் நடந்த இன்னொரு ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதத்தைத் தாண்டிக் குறைந்தவுடனே நொண்டல் குறையத் தொடங்கியது தெரிந்தது. 40 கிலோ லேப் என்றால் இரண்டரை கிலோதான். மாரி பிஸ்கட்டையும், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தாத்தா தள்ளிவிடும் தோசைத் துண்டையும் நிறுத்தினாலே அதில் பாதி போய்விடும். விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்: விரித்த புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுகிற மாதிரி அது தட்டுப்பட வேண்டும்.

அப்புறம் தரை. நம் வீடுகளில் இப்போது எங்கே பார்த்தாலும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். பின்னங்கால் தளர்ந்த நாய்க்கு அது எண்ணெய் ஊற்றிய தரைதான். ஒவ்வொரு முறை எழும்போதும் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, இடுப்பு இழுபட்டு, கடைசியில் எழுந்திருக்கவே பயந்து படுத்துக்கொள்ளும். "நடக்க முடியவில்லை" என்று கொண்டுவரப்படும் சில நாய்கள் கிளினிக்கின் ரப்பர் தரையில் ஓரளவு நன்றாகவே நடப்பதற்கு இதுதான் காரணம். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், வாசல் வரை அடியில் ரப்பர் ஒட்டிய மேட் அல்லது பழைய யோகா மேட்டைத் துண்டு துண்டாகப் போடுங்கள். ஜமுக்காளம் வேண்டாம், நாயோடு சேர்ந்து அதுவும் வழுக்கும். பாதத்தில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியை வெட்டி, நகத்தையும் குறைத்துவிட்டால் பிடிமானம் அன்றைக்கே கூடும்.

துணை உணவுகளைப் பற்றியும் கேட்பீர்கள். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்புக்கு நாய் மூட்டு விஷயத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது, அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம். குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் மீன் எண்ணெய்.

வீட்டுப் பயிற்சி: மலிவு, ஆனால் சுலபமில்லை

கிளினிக்குக்கு வாரம் இரண்டு தடவை போகலாம். வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்யலாம். தசை வளர்வதும் நரம்பு பழையபடி கற்றுக்கொள்வதும் திரும்பத் திரும்பச் செய்வதால்தான், அதனால் இந்தக் கணக்கு வீட்டுக்குச் சாதகமாகவே முடிகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: முதல் தடவை யாராவது தெரிந்தவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். வீடியோ பார்த்துச் செய்யும்போது மூட்டை எவ்வளவு மடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியாது.

நடக்கவே முடியாத நாய்க்கு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தொடையை உள்ளங்கையால் இளஞ்சூடு ஏறும்வரை தடவிவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். விரல்களில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒரு மூட்டுக்குப் பத்துப் பதினைந்து தடவை போதும். ஒரு கை மூட்டுக்கு மேலே தாங்க, இன்னொரு கை கீழே நகர்த்த வேண்டும், பாதத்தைப் பிடித்துக் காலை மொத்தமாக இழுக்கக் கூடாது. நாய் உதட்டை நக்கினாலோ, தலையைத் தூக்கி உங்கள் கையைப் பார்த்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதுதான் அதன் எல்லை. எங்கள் வீட்டு லேப்புக்கு இதைச் செய்யும்போது சில சமயம் பாதத்தின் அடியை விரலால் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல் வருடுவோம், காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பும் தசைக்கு ஒரு பயிற்சிதான்.

கொஞ்சம் ஊன்ற முடிகிற நாய்க்கு, நீளமான குளியல் துண்டை அடிவயிற்றில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு நிற்க வைப்பது. தூக்கிவிடக் கூடாது, விழாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் தாங்க வேண்டும், எடையை அது சுமக்க வேண்டும். ஆண் நாய் என்றால் துண்டு சிறுநீர்த் துவாரத்தை மறைக்காமல் தொடையோரமாகப் போடுங்கள். நிற்க வந்ததும் இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாகத் தள்ளி, எடையை மாற்றி மாற்றி ஊன்ற வைப்பது. அடுத்த கட்டம் உட்கார்ந்து எழுவது, ஐந்து தடவை, சுவரோரமாக, கால் பக்கவாட்டில் விரியாமல். தரையில் துடைப்பக் குச்சிகளையோ பிவிசி குழாய்களையோ இடைவெளி விட்டுப் போட்டு மெதுவாகத் தாண்டி நடக்க வைத்தால் ஒவ்வொரு காலையும் யோசித்துத் தூக்கும், நரம்பு பாதித்த நாய்க்கு இது மிக நல்லது. சரிவான பாதையில் மெதுவாக மேலே நடப்பது பின்தொடைக்கு. மொட்டை மாடிப் படி பயிற்சி இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

இதன் குறை என்ன என்றால், ஆள் வேண்டும். 35 கிலோ நாயைத் துண்டில் தாங்கி நிற்பது வீட்டிலிருக்கும் வயதானவர்களால் ஆகாது. வேலைக்குப் போகிறவர்களால் மதியத் தடவை முடியாது. இரண்டு வாரம் ஆர்வமாகச் செய்து மூன்றாவது வாரம் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் வீட்டில் அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தால், கிளினிக்கில் நேரம் குறித்துக்கொண்டு போவதுதான் நாய்க்கு நல்லது.

தண்ணீர் டிரெட்மில்

கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டை, அதில் நாயை நிறுத்தி வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்புவார்கள். தண்ணீர் கணுக்கால் உயரத்தில் இருந்தால் நாய் தன் எடையில் 91 சதவீதத்தை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கும், முழங்கால் உயரத்தில் 85, இடுப்பு உயரத்தில் வெறும் 38. தரையில் நிற்கவே முடியாத நாய் இடுப்பளவு தண்ணீரில் சரியான நடையில் அடி எடுத்து வைப்பதற்குக் காரணம் இதுதான். தேறத் தேறத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வரலாம். வீட்டில் எந்தத் துண்டாலும் இதைச் செய்ய முடியாது.

யாருக்கு இது காசுக்குத் தகும்? டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து காலில் அசைவு திரும்பத் தொடங்கியிருக்கும் நாய்க்கு முதலில் சொல்வேன். முழங்கால் ஜவ்வு கிழிந்து டிபிஎல்ஓ என்னும் எலும்பு அறுவை சிகிச்சை செய்த பெரிய நாய்க்கும் தையல் ஆறிய பிறகு நன்றாகவே உதவும், ஏனென்றால் எலும்பு ஆறும் அந்த எட்டு வாரத்தில் நாயை ஓட விட முடியாது, சும்மா விட்டால் தொடைத் தசை வற்றிவிடும். தரையில் நடக்கவே மறுக்கும் குண்டு நாய்க்கு எடை குறைக்கவும் வழி. மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் தானாகவே தினமும் நடக்கிற நாய்க்கு? இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அந்தப் பணத்தை ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வையுங்கள்.

கடலில், கிணற்றில், தோட்டத்து பம்புசெட் தொட்டியில் நீந்த விட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நீச்சலும் டிரெட்மில்லும் ஒன்றில்லை. நீந்தும் நாய் முன்னங்காலால்தான் பெரிதும் தள்ளும், பின்னங்கால் மூட்டுகள் நன்றாக மடங்கும், ஆனால் தரையில் ஊன்றி நீட்டித் தள்ளும் வேலை நடக்காது. மூட்டு இறுகிப்போன, நீச்சல் பிடித்த நாய்க்கு லைஃப் ஜாக்கெட் போட்டு, அமைதியான தண்ணீரில் சில நிமிடம் நீச்சல் நல்லது. தண்டுவடத்தில் அடிபட்ட நாய்க்கு அலையில் தத்தளிப்பது ஆபத்து. இன்னொன்றைக் கவனியுங்கள்: வயதான லேப்ரடார் மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், குரைக்கும் குரல் மாறியிருந்தால், குரல்வளைத் தசை செயலிழந்திருக்கலாம். பின்னங்கால் தளர்ச்சியும் அதுவும் ஒரே நரம்பு நோயின் இரண்டு முகங்களாகவே பல வயதான லேப்களில் வருகின்றன. அந்த நாயைத் தண்ணீரில் இறக்கினால் நுரையீரலுக்குள் தண்ணீர் போகும். சென்னை வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில், வெந்நீர்த் தொட்டியில் அதற்கு மூச்சு முட்டவும் செய்யும். தொட்டியில் இறக்குவதற்கு முன் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத கிளினிக் என்றால் நான் அங்கே நாயை விடமாட்டேன்.

லேசர், அக்குபஞ்சர், மின் தூண்டல்

இவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் மூன்றுமே துணை ஆட்டக்காரர்கள்தான். லேசர் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று காட்டுபவையும் உண்டு. நாய்க்கு வலிக்காது, அமைதியாகப் படுத்துக்கொள்ளும், மருந்து ஒத்துக்கொள்ளாத சிறுநீரக நோயாளி நாய்க்கு முயன்று பார்க்கலாம். புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் காட்டக் கூடாது, அறையில் இருக்கும் எல்லோரும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். அக்குபஞ்சரில், ஊசியோடு மின்சாரமும் சேர்த்துக் கொடுப்பது டிஸ்க் நாய்களுக்கு மருந்தோடு சேரும்போது உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. கால்நடை மருத்துவர் செய்தால் சரி. மின் தூண்டல், நாய் தானாக அசைக்கவே முடியாத காலில் தசை வற்றுவதைத் தள்ளிப்போட உதவும். மூன்றிலும் நாய் சும்மா படுத்திருக்கிறது, தசையைத் தானாக உழைக்க வைக்கவில்லை. பயிற்சி எதுவும் இல்லாமல் லேசர் மட்டும் பத்து அமர்வு பேக்கேஜ் என்று யாராவது சொன்னால் அதை எடுக்காதீர்கள்.

சக்கர வண்டி

இதைக் கடைசிக் கட்டம், நம்பிக்கை போன பிறகு வாங்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பின்னங்கால் தரையைத் தொட்டபடி போகும் வண்டி, தேறிக்கொண்டிருக்கும் நாய்க்குப் பயிற்சிக் கருவியாகவே உதவும். பின்பக்கத்தை அது தாங்கிக்கொள்ள, நாய் தன் காலைத் தானே எடுத்து வைத்துப் பழகும். நிரந்தரமாகவே கால் போன நாய்க்கோ அது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்துவிடும்: மறுபடி தெருமுனை வரை போய் எல்லாக் கம்பத்தையும் மோந்து பார்க்கலாம்.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். முதுகு நேராக இருக்க வேண்டும், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் முழு எடையும் தோளில் விழும். முன்னங்காலிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கும் நாய்க்கு இரண்டு சக்கர வண்டி தண்டனைதான், நாலு சக்கரம் பாருங்கள், அல்லது வேண்டாம். முதலில் சில நிமிடம், பிறகு மெல்லக் கூட்டி அரை மணி வரை. வண்டியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகக் கூடாது, அதில் படுக்க முடியாது. கழற்றியதும் கவட்டையிலும் வார் படும் இடத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இரண்டாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு, தெருவெல்லாம் பள்ளம் என்றால் வண்டி மூலையில்தான் நிற்கும், அதையும் வாங்கும் முன் யோசியுங்கள்.

நடக்க முடியாத நாய்க்கு வண்டியைவிட முக்கியமானவை சிறுநீர்ப்பையும் தோலும். தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத நாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை அடிவயிற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும், எப்படி என்று டாக்டரிடம் கையோடு கற்றுக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக வடிவது கழிப்பது ஆகாது, பை நிரம்பி வழிகிறது என்றுதான் அர்த்தம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பு எலும்பு மேட்டில் படுக்கைப் புண் வந்துவிடும், அது ஆற மாதங்கள் ஆகும்.

எந்த நாய்க்கு எது

பன்னிரண்டு வயது லேப், மூட்டுத் தேய்மானம், மெதுவாக நடக்கிறது: வலி மருந்து, எடை, தரை, வீட்டுப் பயிற்சி, தினமும் ஒரே அளவு சின்னச் சின்ன நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பீச்சுக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் ஓட விடாதீர்கள், திங்கட்கிழமை எழுந்திருக்காது. பணம் மிஞ்சினால் தண்ணீர் டிரெட்மில்.

டாஷண்ட், முதுகு வலி, ஆனால் நடக்கிறது: முதல் நாலு வாரம் கூண்டுக்குள் ஓய்வு, அதுவே சிகிச்சை. சோபா ஏறக் கூடாது, படி கூடாது, முதுகைப் பிடித்துவிடவும் கூடாது. அதன் பிறகுதான் பயிற்சி. நடை நின்றுபோனால் அன்றைக்கே டாக்டர்.

வண்டி இடித்த தெருநாய்: எக்ஸ்ரே எடுத்து, இடுப்பு எலும்பு மட்டும் உடைந்து அதிகம் விலகாமல் இருந்தால், பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரம் அடைத்து வைத்த ஓய்விலேயே சேர்ந்துவிடும். சிறுநீர் போகிறதா என்று முதல் நாளே பாருங்கள், போகாவிட்டால் பை கிழிந்திருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்களுக்குக் கொண்டுபோனால் செலவு தனியாரைவிட வெகு குறைவு, காத்திருக்கத் தயாராகப் போங்கள். எலும்பு சேர்ந்த பிறகு தெருவில் விடுவதற்கு முன் தசையைத் தேற்றுவது, துண்டும் நடையும் போதும்.

எட்டு வயதைத் தாண்டிய ஜெர்மன் ஷெப்பர்ட், வலியே இல்லாமல் பின்னங்கால் மெல்ல மெல்ல இழுக்கத் தொடங்குகிறது: தண்டுவடச் சிதைவு நோயாக இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது, நோய் முன்னேறத்தான் செய்யும். ஆனால் இங்கேதான் பிசியோதெரபி தன் மதிப்பைக் காட்டுகிறது. 22 நாய்களைப் பார்த்த ஒரு ஆய்வில், தீவிரமாகத் தினப் பயிற்சி கொடுக்கப்பட்டவை சராசரியாக 255 நாள், ஓரளவு கொடுக்கப்பட்டவை 130 நாள், எதுவுமே கொடுக்கப்படாதவை 55 நாள் வாழ்ந்தன. சின்ன ஆய்வுதான், மெதுவாக முன்னேறும் நோய் உள்ள நாய்க்கே அதிகப் பயிற்சி கிடைத்திருக்கவும் கூடும். இருந்தாலும் இந்த நாய்க்கு நான் எல்லாவற்றையும் செய்வேன்: வீட்டில் தினமும் பயிற்சி, முடிந்தால் தண்ணீர், பாதம் உரசாமல் ஷூ, கால் போவதற்கு முன்பே வண்டி பழக்கம்.

பூனைக்கு: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட நூறு பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டாது, குதிப்பதை நிறுத்திவிடும். அலமாரிக்கு முன்னால் ஒரு முக்காலி, விளிம்பு தாழ்ந்த மணல் பெட்டி, டாக்டர் எழுதும் வலி மருந்து, கையில் பொம்மையை ஆட்டிக் காட்டி நீட்டி எட்ட வைக்கும் விளையாட்டு. தொட்டியில் இறக்க வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்கு அந்தப் பயமே அதிகத் தீங்கு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்கும் நாளில் நாய் நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போனில் வீடியோ எடுத்துவையுங்கள், தொடையின் சுற்றளவைத் தையல் டேப்பால் எப்போதும் ஒரே இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் அதே தரையில் அதே மாதிரி. ஆறு வாரத்தில் வீடியோவிலும் டேப்பிலும் எதுவும் மாறவில்லை என்றால் முறையை மாற்றுங்கள், அல்லது காரணத்தையே மறுபடி தேடுங்கள். கிளினிக்கில் சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பயிற்சியைத் திட்டமிடுபவர் இந்தத் துறையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரா, முதல் நாள் எதை அளந்து எழுதிவைப்பீர்கள், வீட்டில் நான் செய்ய என்ன கற்றுக்கொடுப்பீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேக்கேஜ் அட்டையை நீட்டினால், வேறு இடம் பாருங்கள்.